நிறம் தெளிந்த ஆறு... நிலத்துக்கு நல்லதா?

'திருப்பூருக்குக் கெழக்க, நொய்யலுக்கு ரெண்டு காடு தள்ளித்தான் எங்க தோட்டம். மூணு ஏக்கருங்க. தென்னை 80 மரம், ஒரு ஏக்கர் சோளத்தட்டு, மீதியில கத்திரியும் கீரையும் போட்டிருக்கிறோம். நான் கண்ணாலம் ஆகி வந்தப்ப ஆத்துல செவப்பும் நீலமுமா ஓடுமுங்க. இப்பத் தண்ணி தெளிஞ்சிருக்குது. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ஆத்துல மோட்டார் வெச்சுப் பாய்ச்சறாங்க. போன வாரம் ஒருத்தர் வந்து, டவுன் குளத்துல தூர் வார்ற வண்டல் டிப்பர் கணக்குல கெடைக்கும், எருவே வேண்டியதில்லைன்னு சொல்லிட்டுப் போனாருங்க. எங்க வூட்டுக்காரருக்கு ஆசைதான். காலேஜ் படிக்கிற மக, அதுல மைக்ரோ பிளாஸ்டிக் இருக்கும், வேண்டாம்ங்கறா. யாரு சொல்றது சரிங்க?'

- ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்.

அம்மா, உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள். வண்டலுக்கு இப்போதைக்கு 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் பாய்ச்ச வேண்டாம். இதே கேள்வி நொய்யல் கரையில் மட்டுமல்ல, நகரத்தைத் தாண்டி வருகிற எந்த ஆற்றின் கரையில் இருப்பவர்களுக்கும் வரும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நகரத்தைக் கடந்து வரும் ஆறு நம் நிலத்துக்கு மூன்று வகைப் பொருளைக் கொண்டுவருகிறது. ஒன்று உப்பு. இரண்டாவது ஈயம், குரோமியம் போன்ற கன உலோகங்கள். மூன்றாவது பிளாஸ்டிக் துணுக்கு. இந்த மூன்றுக்கும் தண்ணீரின் நிறத்தோடு சம்பந்தம் இல்லை. உப்பு கரைந்தால் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். உலோகமும் துணுக்கும் சேற்றோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே பார்த்தால் ஆறு சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும்.

நொய்யல் வந்த வழி

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. பேரூரைத் தொட்டு, கோவையின் குளங்களை நிரப்பி, சூலூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் கலக்கிறது. கோவையில் வீட்டுச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் சேர்கின்றன. திருப்பூரில் பல ஆண்டுகள் சாயக்கழிவு சேர்ந்தது. துணிக்குச் சாயம் ஏற்றச் சாதாரண உப்பும் கிளாபர் உப்பும் மூட்டை மூட்டையாகத் தேவைப்படும். சாயம் துணியில் ஏறிவிடும். உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

1990-களின் தொடக்கத்தில், சென்னிமலைக்குப் பக்கத்தில் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது பாசன நீரா, சாயக்கழிவா என்று தெரியாத நிலை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகளே, 'தயவுசெய்து திறக்காதீர்கள்' என்று கேட்டார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்பு சங்கம் நீதிமன்றம் போனது. மாசுபடுத்தியவர்கள்தாம் இழப்பையும், சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 2009-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறாத முறைக்கு மாறும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்களோடுதான் பட்டறைகள் இயங்க வேண்டும் என்றானது.

நீங்கள் பார்க்கும் தெளிவு இப்படி வந்ததுதான். அதற்காகப் போராடியவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால், அந்த உத்தரவு சாயக்கழிவைப் பற்றியது. இரண்டு பெரிய நகரங்களின் வீட்டுச் சாக்கடையும் குப்பையும் இன்னும் ஆற்றில்தான் சேர்கின்றன. ஆறு திடீரென்று நிறம் மாறி ஓடியது என்ற செய்தியும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. பல ஆண்டுகளாக இறங்கிய உப்பு கிணற்றிலும், படிந்த சேறு குளத்திலும் இருக்கிறது.

பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது?

5 மில்லிமீட்டருக்குக் குறைவான துணுக்கைத்தான் மைக்ரோ பிளாஸ்டிக் என்கிறார்கள். பாசிப்பயறு அளவில் தொடங்கி, கண்ணுக்கே தெரியாத தூள்வரை எல்லாம் இதில் அடங்கும்.

கேரி பேக் வெயிலில் காய்ந்து நொறுங்கினால் துணுக்கு. வண்டி டயர் தேய்ந்து ரோட்டில் கிடக்கும் கறுப்புத் தூள், முதல் மழையில் சாக்கடை வழியாக ஆற்றுக்கு வந்தால் அதுவும் துணுக்கு. பலரும் யோசிக்காதது துணி. பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் துணிகளைத் துவைக்கும்போது நூலிழை உதிர்கிறது. இங்கிலாந்தின் பிளைமத் பல்கலைக்கழகத்தில் 2016-ல் கணக்கிட்டார்கள். 6 கிலோ அக்ரிலிக் துணியை வாஷிங் மெஷினில் ஒரு தடவை துவைத்தால், 7 லட்சத்துக்கு மேல் இழைகள் உதிரலாம் என்று தெரிந்தது. பருத்தி இழை மண்ணில் மக்கிவிடும். பாலியெஸ்டர் இழை மக்காது.

சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் வந்தால் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். நன்றாக இயங்கும் நிலையம் இந்தத் துணுக்குகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஆனால், பிடித்தது எங்கும் மறைந்துவிடாது. அது நிலையத்தின் சேற்றில்தான் இருக்கும். அந்தச் சேற்றை 'உரம்' என்று காட்டுக்குக் கொண்டுவந்து கொட்டினால், ஆற்றுக்குப் போகாமல் தடுத்ததை நிலத்துக்கு அனுப்பியதாகிவிடும்.

நொய்யல் கடைசியில் சேரும் காவிரியிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. கர்நாடகத்தின் கே.ஆர்.எஸ். அணைப் பகுதியில் எடுத்த தண்ணீரை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். அதில் மைக்ரோ பிளாஸ்டிக் இருந்தது. அந்தத் தண்ணீரில் வளர்த்த மீன் குஞ்சுகளுக்கு எலும்புக் கோளாறு தெரிந்தது. ஓடும் தண்ணீரைவிட, மெதுவாக நகரும் இடத்திலும் தேங்கிய இடத்திலும் எடுத்த தண்ணீர்தான் அதிகக் கெடுதல் செய்தது. குளத்து வண்டலைப் பற்றி நீங்கள் யோசிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

நிலத்தில் என்ன செய்யும்?

2018-ல் ஜெர்மனியில் செய்த ஆய்வில், பாலியெஸ்டர் இழை கலந்த மண்ணின் கட்டமைப்பும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் தன்மையும் மாறியது தெரிந்தது. நெதர்லாந்தில் மண்புழு உண்ணும் இலைக்குப்பையில் பிளாஸ்டிக் தூளை அதிகமாகக் கலந்து பார்த்தார்கள். புழுவின் வளர்ச்சி குறைந்தது, இறப்பு கூடியது. உயிரோடு இருந்த புழுக்கள் அந்தத் தூளைத் தங்கள் வளைக்குள் ஆழமாக இழுத்துச் சென்றன. மேல் மண்ணில் விழுந்தது மேலேயே நிற்காது என்று இதிலிருந்து தெரிகிறது.

பயிருக்குள் போகுமா? 2020-ல் சீன விஞ்ஞானிகள் கோதுமையிலும் லெட்யூஸ் கீரையிலும் சோதித்தார்கள். பக்கவேர் புறப்படும் இடத்தில் உண்டாகும் சிறு வெடிப்பு வழியாக மிக நுண்ணிய துணுக்குகள் உள்ளே போய், தண்டுவரை ஏறியதைக் கண்டார்கள். அவை ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி, அதில் இரண்டு பங்கு, அதற்கும் குறைவான அளவுள்ளவை. இது ஆய்வகத்தில் செய்தது. உங்கள் கத்திரியில் இவ்வளவு இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், 'வேர் வடிகட்டிவிடும், பயம் இல்லை' என்று இனிச் சொல்ல முடியாது.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். உப்பு கரையும். நல்ல மழையும் வடிகாலும் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கன உலோகம் அப்படி இறங்காமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு மேல் மண்ணிலேயே இருக்கும். பிளாஸ்டிக் இன்னும் சிறிதாக உடையுமே தவிர, எளிதில் மக்காது. பின்னால் சொன்ன இரண்டையும் ஒருமுறை கொட்டிவிட்டால், திரும்ப எடுக்க நம்மிடம் வழி கிடையாது. அதனால்தான் தண்ணீரைவிட வண்டல் விஷயத்தில் அதிகக் கண்டிப்பாக இருக்கச் சொல்கிறேன்.

இரண்டு கணக்கு

ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். பாசனத்துக்கான ஆற்று நீரில் ஈ.சி. அளவு 2.25-ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. இந்த அளவில் ஒரு லிட்டரில் சுமார் ஒன்றரை கிராம் உப்பு இருக்கும். அப்படியென்றால், வரம்புக்குள் இருக்கும் தண்ணீரே ஒரு தடவை பாய்ச்சும்போது ஏக்கருக்கு 300 கிலோவுக்குப் பக்கத்தில் உப்பைக் கொண்டுவந்து விடுகிறது. 50 கிலோ மூட்டையில் ஆறு மூட்டை. பயிர் தண்ணீரைக் குடித்துவிடும், வெயிலும் உறிஞ்சிவிடும். உப்பில் பெரும்பகுதி மண்ணில் நிற்கும்.

அடுத்தது வண்டல். நகரக் குப்பையில் தயாரித்த கம்போஸ்ட்டில், ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம்வரை உரக் கட்டுப்பாட்டு ஆணை அனுமதிக்கிறது. காட்மியத்துக்கு 5, குரோமியத்துக்கு 50 மில்லிகிராம். இதே வரம்பில் உள்ள ஒரு பொருளை ஏக்கருக்கு 10 டன் போட்டால், ஒரு கிலோ ஈயத்தை நிலத்தில் புதைத்ததாகக் கணக்கு. வண்டலையோ உரம் என்று யாரும் பதிவு செய்வதில்லை, மூட்டையில் அளவு அச்சிடுவதும் இல்லை. டிப்பரில் வருவதில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

எல்லா வண்டலும் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. காட்டு வெள்ளமும் வயல் வெள்ளமும் வந்து நிரம்பும் கிராமத்து ஏரி வண்டல் அருமையான பொருள். அரசு அனுமதியோடு அதை எடுக்கும் வசதியும் இருக்கிறது. தாராளமாக எடுங்கள். சாக்கடை சேரும் டவுன் குளத்து வண்டல் வேறு. பார்ப்பதற்கு இரண்டும் கறுப்பாகத்தான் இருக்கும். டவுன் குளத்து வண்டல் இன்னும் கறுப்பாக, இன்னும் வளமாகக்கூடத் தெரியும்.

நீங்களே பார்க்க ஓர் உப்புத் தண்ணீர் சோதனை

வண்டலில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஆய்வகங்களில் செய்யும் முறையின் எளிய வடிவம்தான் இது.

ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 350 கிராம் கல் உப்பைப் போட்டு, கரையும்வரை கலக்குங்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டி, அகலமான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். வண்டலை நிழலில் உலர்த்தி, கட்டியை உடைத்து, இரண்டு கைப்பிடி எடுத்து அதில் போடுங்கள். ஒரு குச்சியால் நன்றாகக் கலக்கி, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். மண் அடியில் படிந்துவிடும். கேரி பேக் துணுக்கு, சாக்கு இழை, தெர்மாகோல் போன்றவை மேலே மிதக்கும்.

வேரும் சருகும்கூட மிதக்கும். அவற்றைப் பிரித்தறிய, மிதப்பதை எடுத்து உலர்த்தி, ஊசியைச் சூடாக்கித் தொடுங்கள். சுருண்டு உருகினால் பிளாஸ்டிக். கருகினால் செடிப்பொருள். பாலியெஸ்டர் இழையும் பி.வி.சி. துணுக்கும் கனம் அதிகம் என்பதால் இந்த உப்புத் தண்ணீரிலும் மிதக்காது. அதனால், நீங்கள் பார்ப்பது இருப்பதில் ஒரு பகுதிதான். இரண்டு கைப்பிடியில் நாலைந்து துணுக்கு கிடைத்தாலே, ஒரு டிப்பரில் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம். சோதனை முடிந்த உப்புத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

கன உலோகத்தை இப்படிப் பார்க்க முடியாது. வழக்கமான மண் பரிசோதனை அட்டையிலும் ஈயம், காட்மியம் வராது. அதைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் விசாரியுங்கள். தனி ஆளுக்குச் செலவு அதிகம் என்றால், வண்டல் வாங்க நினைக்கும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மாதிரி கொடுங்கள். வண்டல் கொடுப்பவரிடமே 'பரிசோதனை அறிக்கை காட்டுங்கள்' என்று கேட்பது இன்னும் நல்லது.

உங்கள் மூன்று ஏக்கருக்கு என் யோசனை

முதலில் தண்ணீர். ஆற்று நீர், உங்கள் கிணற்று நீர் இரண்டையும் தனித்தனியே பரிசோதியுங்கள். கிணற்றில் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். பெயர், சர்வே எண், தேதி, பயிர் எழுதி ஒட்டி, மறுநாளுக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை எடுக்க வேண்டும். ஈ.சி., பி.ஹெச்., சோடியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சாய உப்பில் சோடியம் அதிகம். அது களிமண்ணை இறுக்கி, தண்ணீர் இறங்காமல் செய்துவிடும். ஜிப்சம் வேண்டுமா, எவ்வளவு என்பதை அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, பயிரை மாற்றி அமைப்பது. இரண்டு தண்ணீரில் எது நல்லதோ அது கத்திரிக்கும் கீரைக்கும் போகட்டும். கீரை வகைகள் கன உலோகத்தை இலையில் சேர்த்துக்கொள்ளும். கொத்தமல்லி, புதினாவைப் பச்சையாகவே சாப்பிடுகிறோம். சாக்கடை கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி நேராகத் தட்டுக்கு வந்துவிடும். எனவே, ஆற்றுத் தண்ணீரில் கீரை வேண்டவே வேண்டாம். தென்னை உப்பை ஓரளவு தாங்கும். ஆற்று நீரைப் பாய்ச்சியே ஆக வேண்டும் என்றால், அறிக்கை சரியாக இருக்கும்பட்சத்தில் தென்னையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் நீர்வளத்துறை அனுமதி தேவை என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, ஆற்று நீரை நேராக நிலத்துக்கு விடாமல் ஒரு தொட்டியிலோ பண்ணைக்குட்டையிலோ இரண்டு மூன்று நாள் தேக்குங்கள். கேரி பேக் வகைத் துணுக்கு மேலே மிதக்கும். பாலியெஸ்டர் இழையும் சேறும் அடியில் படியும். ஃபுட் வால்வை ஒரு காலி டிரம்மில் கட்டி, மேல் மட்டத்திலிருந்து ஒன்றரை அடி கீழே தொங்கவிடுங்கள். அடிச்சேற்றைத் தொடக் கூடாது. சொட்டுநீர் போட்டிருந்தால் மணல் வடிகட்டியும் டிஸ்க் வடிகட்டியும் கட்டாயம். மிக நுண்ணிய தூளை இவை பிடிக்காது. ஆனால், பெரிய துணுக்கையும் இழைக்கொத்தையும் பிடிக்கும். வடிகட்டியைக் கழுவும் தண்ணீரைத் திரும்ப வாய்க்காலில் விடாதீர்கள். ஒரு குழி வெட்டி அதில் விடுங்கள்.

நான்காவது, வெள்ளம் வந்து போன பிறகு காட்டில் ஒதுங்கிய கவர், துணி, பாட்டிலை எல்லாம் பொறுக்கிய பிறகுதான் ரொட்டவேட்டர் ஓட்ட வேண்டும். பொறுக்காமல் ஓட்டினால், ஒரு கேரி பேக் நூறு துண்டாகி மண்ணுக்குள் போய்விடும். ஆற்றுப் பக்க வரப்பில் இரண்டு வரிசை வெட்டிவேரோ, கோ-4 தீவனப்புல்லோ நெருக்கமாக வைத்தால், குப்பை அங்கேயே சிக்கும், எடுப்பதும் சுலபம். அங்கே ஒதுங்கும் புல்லை மாட்டுக்கு அறுக்கும்போது மட்டும் குப்பையைப் பார்த்து நீக்கிவிடுங்கள்.

ஐந்தாவது, எருவுக்கு வழி. வண்டலை வேண்டாம் என்று சொன்னால் மாற்று வேண்டும் அல்லவா? 80 தென்னையில் விழும் மட்டையும் ஓலையும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். மழைக்காலத்தில் தென்னைக்கு இடையில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். வண்டல் தருவதாகச் சொன்ன வளத்தை இது மூன்று போகத்தில் தந்துவிடும், பயமும் இல்லை.

மற்ற வாசகர்கள் கேட்டவை

*டி.டி.எஸ். மீட்டர் வாங்கியிருக்கிறேன். ஆற்று நீரில் 900 காட்டுகிறது. பாய்ச்சலாமா?*

அந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். பிளாஸ்டிக், ஈயம், கிருமி எதையும் காட்டாது. உப்பைப் பொறுத்தவரை 900 நடுத்தரம். சோளம், பருத்தி, தென்னை தாங்கும். சின்ன வெங்காயமும் பீன்ஸும் தாங்காது, மகசூல் குறையும். மீட்டரை வேறு ஒன்றுக்குப் பயன்படுத்துங்கள். வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். 900 காட்டிக்கொண்டிருந்தது ஒரு நாள் திடீரென்று 2,500 காட்டினால், மேலே யாரோ எதையோ திறந்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். அன்றைக்கு மோட்டாரை நிறுத்துங்கள்.

*பழைய சொட்டுநீர்க் குழாய், மல்ச்சிங் ஷீட் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. எரித்துவிடலாமா?*

எரிக்காதீர்கள். பி.வி.சி. குழாயை எரித்தால் வரும் புகை மிகவும் நஞ்சு. சாம்பலும் நிலத்துக்குத்தான் வரும். குழாயைச் சுருட்டி, மண்ணைத் தட்டி, பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் போடுங்கள். மண் இல்லாமல் இருந்தால்தான் விலை கிடைக்கும். மல்ச்சிங் ஷீட் வாங்கும்போது மெல்லியது மலிவு என்று போகாதீர்கள். மெல்லிய ஷீட் எடுக்கும்போதே கிழிந்து மண்ணில் தங்கிவிடும். சீனாவில் பல ஆண்டுகள் 8 மைக்ரான் ஷீட் போட்டு, பருத்திக் காடு முழுக்கக் கிழிசல் சேர்ந்துவிட்டது. பிறகு, குறைந்தபட்சத் தடிமனை 10 மைக்ரானாக உயர்த்தினார்கள். நம் ஊரில் காய்கறிக்கு 25 மைக்ரானுக்குக் குறையாமல் வாங்குங்கள். அறுவடை முடிந்ததும், வெயிலில் நொறுங்குவதற்கு முன்பே சுருட்டிவிடுங்கள். ஆற்றில் வருவதை நாம் நிறுத்த முடியாமல் போகலாம். நம் காட்டில் உண்டாவதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

*'மக்கும் பிளாஸ்டிக்' என்று போட்ட நாற்றுப்பையை அப்படியே புதைக்கலாமா?*

பெயரை நம்பிப் புதைக்க வேண்டாம். 'மக்கும்' என்று விற்பதில் சில, வெயிலில் துண்டு துண்டாக நொறுங்குபவை மட்டுமே. நொறுங்குவதும் மக்குவதும் ஒன்றல்ல. உண்மையிலேயே கம்போஸ்ட் ஆகும் பை என்றால் ஐ.எஸ். 17088 தரத்தில் இருக்க வேண்டும். அதுவும் சூடான கம்போஸ்ட் குவியலில் மக்கும் என்பதற்கான தரம். வறண்ட காட்டில் அதே வேகத்தில் மக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நடும்போது பையைக் கிழித்து எடுத்துவிடுங்கள்.

*மாடுகளை ஆற்றங்கரையில்தான் மேய்க்கிறோம். ஒரு கறவை மாடு சரியாக அசைபோடுவதில்லை. பிளாஸ்டிக் காரணமாக இருக்குமா?*

இருக்கலாம். சோறு கட்டிய கவரை மாடு அப்படியே விழுங்கிவிடும். அது பெரிய வயிற்றில் கயிறுபோல முறுக்கிக்கொண்டு வெளியே போகாது. அசைபோடுவது குறைதல், அடிக்கடி வயிறு உப்புதல், தீனி தின்றும் மெலிதல், பால் குறைதல் எல்லாம் இதன் அடையாளம். மருந்தில் கரையாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அறுவை செய்து எடுப்பார்கள். வீட்டில் மீந்த சோற்றைக் கவரில் கட்டி எறியும் பழக்கத்தை உங்கள் தெருவிலாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

*பேரூரில் திதி கொடுத்துவிட்டு, கட்டிய துணியை ஆற்றில் விடுவது வழக்கம். அதுவும் மாசுதானா?*

திதி கொடுப்பது மாசு இல்லை. துணியை விடுவதுதான் மாசு. அந்தக் காலத்தில் கட்டியது பருத்தி வேட்டி, மக்கிப்போனது. இப்போது கட்டுவதில் பாதி பாலியெஸ்டர். மதகிலும் வாய்க்கால் மடையிலும் போய் அடைக்கும், பிறகு இழை இழையாகப் பிரியும். துணியைக் கரையில் அதற்கென வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். தொட்டி இல்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. நொய்யல் வழக்கில் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நின்றார்கள், ஆண்டுக்கணக்கில் விடாமல் நின்றார்கள். இன்றைக்கும் கரையோரம் ஐந்து தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து, ஒரே நாளில் தண்ணீர் மாதிரி எடுத்து, அறிக்கைகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வைத்தால், கிராம சபையிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் அதற்கு மதிப்பு இருக்கும். 'தண்ணி ஒரு மாதிரியா இருக்குதுங்க' என்று சொன்னால் பதில் வராமல் போகலாம். மூன்று ஆண்டு அறிக்கையை மேஜையில் வைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த இதழில்: தண்ணீர் பரிசோதனை அறிக்கையில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் எப்படிப் படிப்பது, எந்த எண்ணுக்கு எந்தப் பயிர் என்று பார்ப்போம். உங்களிடம் அறிக்கை இருந்தால் நகல் எடுத்து, பயிர் விவரத்தோடு அனுப்புங்கள்.